200 மணி நேரம் சரி, எத்தனை விமானம்?

மதுரை விமான நிலைய ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,285 மீட்டர். ஏர்பஸ் 320 இறங்கும், ஏடிஆர் இறங்கும். ஆனால் பைலட் ஆக ஆசைப்படும் மதுரைப் பிள்ளைக்கு உள்ளூரில் விமானப் பயிற்சிப் பள்ளி கிடையாது. பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்ட நிலையங்களில் சேலம் ஒன்று. வடக்கே போனால் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச், மகாராஷ்டிரத்தின் கோண்டியா. இல்லையென்றால் அமெரிக்கா. எங்கே சேர்த்தாலும் பெற்றோர் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான். அந்தப் பணத்துக்கு என்னென்ன விமானம் கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு.

சட்டம் கேட்கும் கணக்கு

வணிக பைலட் உரிமத்துக்கு இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதிக்கும் குறைந்தபட்சம் இது:

- மொத்தப் பறத்தல்: 200 மணி நேரம்
- அதில் பொறுப்பு பைலட்டாக: 100 மணி நேரம்
- பொறுப்பு பைலட்டாக ஊர்விட்டு ஊர் பறத்தல்: 20 மணி நேரம் (ஒரு பயணமாவது 300 நாட்டிகல் மைல்)
- இரவுப் பறத்தல்: 5 மணி நேரம், 10 முறை ஏறி இறங்குதல்
- கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல்: 10 மணி நேரம்

இரவுப் பங்கு மொத்தத்தில் 2.5 சதவீதம்தான். இத்தனை வகை விமானம் ஓட்டியிருக்க வேண்டும் என்ற வரி இந்தப் பட்டியலில் இல்லை. 200 மணி நேரத்தின் பெரும்பகுதியை ஒரே செஸ்னா 172-இல் முடித்து, 15 மணி நேரம் அளவுக்கு இரட்டை எஞ்சின் விமானத்தில் உட்கார்ந்தால் பல பள்ளிகளில் படிப்பு முடிந்துவிடும். அந்த 15 மணி நேரம் மொத்தத்தில் 7.5 சதவீதம்.

பணக் கணக்கு

ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் பள்ளியில் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். 200-ஆல் வகுத்தால் மணிக்கு 22,500. தங்குமிடம், தேர்வு, மருத்துவச் சோதனை தனி. தனியார் பள்ளியோ வெளிநாடோ என்றால் 50 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடியை நெருங்கும். உரிமம் கைக்கு வந்தபின் ஏர்பஸ் 320 போன்ற ஒரு வகைக்கான தகுதிக்கு மேலும் 15 முதல் 25 லட்சம். அதில் பெரும்பங்கு சிமுலேட்டரில்தான் கழியும். இரட்டை எஞ்சின் விமானத்தின் மணிச்செலவு அதிகம் என்பதால், கட்டணத்தைக் குறைக்க நினைக்கும் பள்ளி முதலில் கை வைப்பது அந்த மணிகளில்தான்.

எடைக் கணக்கு

- செஸ்னா 172எஸ்: அதிகபட்ச எடை 1,157 கிலோ, 180 குதிரைத்திறன்
- ஏடிஆர் 72-600: சுமார் 23,000 கிலோ
- ஏர்பஸ் 320 நியோ: 79,000 கிலோ

முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவல் 68 மடங்கு. இடைப்பட்ட படிகள் பலருக்குக் கிடைப்பதில்லை.

சிறிய விமானங்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. செஸ்னா 172-இல் இரண்டு இறக்கைத் தொட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எரிபொருள் இறங்கும்படி குமிழை வைத்துவிடலாம். பைப்பர் ஆர்ச்சரில் இடது அல்லது வலது மட்டுமே. நேரம் பார்த்து மாற்ற வேண்டும். டைமண்ட் டிஏ40 என்ஜியில் எஞ்சினுக்கு ஒரே நெம்புகோல். செஸ்னாவில் எரிபொருள் கலவையைக் கையால் சரிசெய்யத் தனிச் சிவப்புக் குமிழ். ஒன்றை மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு மற்றதன் பழக்கம் வராது. 1958-இல் முதலில் பறந்த எச்ஏஎல் புஷ்பக் 90 குதிரைத்திறன் கொண்ட வால்சக்கர விமானம். தரையில் ஓடும்போது கால் சற்று அசந்தால் வால் சுழன்றுவிடும். அதில் பழகிய பழைய தலைமுறைக்குக் கால் வேலை தானாக வந்தது.

மணி கூடினால் போதுமா?

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்தாமல் மேலே இழுத்தார். அதன் விளைவாக, பயணிகள் விமான நிறுவனங்களில் துணை பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் என்ற விதி 2013-இல் அங்கே அமலானது. ஆனால் விழுந்த விமானத்தின் இரு பைலட்களுமே 2,000 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். ஐரோப்பா வேறு வழி போனது: 2019 டிசம்பர் முதல், தலைகுப்புறச் சாயும் விமானத்தை மீட்கும் பயிற்சியாகக் குறைந்தது 3 மணி நேரம் நிஜமாகப் பறந்தாக வேண்டும். 1,500-ஐவிட இந்த 3 பயனுள்ள எண் என்பது என் கணிப்பு.

இந்தியாவில் 2023-இல் மட்டும் 1,622 வணிக உரிமங்கள் தரப்பட்டன. போட்டி இப்படி இருக்கையில், வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டும் முன் பள்ளியிடம் நான்கு எண்களை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வகை விமானம், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி, இரட்டை எஞ்சினில் எத்தனை மணி, சிமுலேட்டரில் எத்தனை மணி. தர மறுக்கும் பள்ளியில் சேர்க்காதீர்கள்.