தோலைச் சீவுமுன் கிழங்கைப் பாருங்கள்

உருளைக்கிழங்கைத் தோலோடு சமைப்பதா, சீவிவிட்டா என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடக்கிறது. தோலில்தான் சத்து என்று மருமகள் வாட்ஸ்அப்பைக் காட்டுவாள். மண்ணைத் தின்னச் சொல்கிறாயா என்பார் மாமியார். பேச்சு முடிவதற்குள் பச்சை பாய்ந்த கிழங்கு ஒன்று அரிவாள்மணை ஏறிக் குழம்புக்குப் போயிருக்கும்.

நல்ல கிழங்கென்றால் உங்கள் விருப்பம். நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு வேகவைத்தால் வைட்டமின் சி தண்ணீரில் அதிகம் கரைந்து போகாது. அவ்வளவுதான், இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

பச்சைக் கிழங்கு வேறு கதை. நம் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் முந்திரிக்குப் பேர்போன ஊர். உருளைக்கிழங்கு வெளியூரிலிருந்து மூட்டையில் வருகிறது. கடை வாசலில் வெளிச்சம் பட நாள்கணக்கில் கிடந்தால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் கெடுதலில்லை. கூடவே சொலனின் என்ற நஞ்சும் ஏறுகிறதே, அதுதான் ஆபத்து. கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. தோலிலும், அதை ஒட்டிய சதையிலும், முளையிலும்தான் இது அதிகம். வேகவைத்தாலும் போகாது. மறுபடி சொல்கிறேன்: குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் போகாது.

ஓரிடத்தில் லேசான பச்சை என்றால் வேகவைக்கும் முன்பே தடிமனாகச் சீவி, முளைக்கண்ணைத் தோண்டி எடுங்கள். பாதிக்கு மேல் பச்சையா, வாயில் வைத்தால் கசக்கிறதா? குப்பையில் போடுங்கள். காசு போகிறதே என்று குழந்தைக்கு வறுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் தோலை ஆட்டுக்கும் போடாதீர்கள், அதற்கும் நஞ்சுதான்.

முன்பு லண்டன் பள்ளி ஒன்றில், கோடை விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிய மூட்டையைச் சமைத்துப் போட்டதில் 78 மாணவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். 17 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் சத்துணவிலும் உருளைக்கிழங்கு உண்டு. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரம் பழைய மூட்டை கிடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதலில் சத்துணவு அமைப்பாளரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். அசையவில்லையா, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு. வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்பார்கள், பார்க்க மாட்டார்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பள்ளிக்கு இப்படி என்றால், ஓட்டலில் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனவர்கள் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சோடா குடித்துப் படுத்துவிட்டு, பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்றாம் நாள் கடையில் போய்க் கத்துகிறார்கள். பில் இல்லை, மிச்சமும் இல்லை. எதை வைத்துக் கேட்பது? மிஞ்சியதை மூடி குளிர்பெட்டியில் வையுங்கள், படம் எடுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதை எழுதச் சொல்லுங்கள். டாக்டர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படம், பில், கடை முகவரி மூன்றையும் அனுப்புங்கள். மாவட்ட நியமன அலுவலருக்குக் கடிதமும் போடுங்கள். 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்தாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.