முதல் கேமிங் கம்ப்யூட்டர்: காசை எங்கே வைப்பது?

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினட். எல்லாம் சேர்த்து 25 ஆயிரம்தான் தம்பி, கேமிங் பிசி!" வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் சுற்றும் இந்த விளம்பரத்தைப் பார்க்காத கல்லூரி மாணவர் விழுப்புரம் பக்கத்தில் இருக்க மாட்டார். வளவனூரில் ஒரு குடும்பம் கரும்புப் பணம் வந்ததும், அல்லது சீட்டு எடுத்ததும், பிள்ளைக்காக ஒதுக்கும் தொகைக்குள் இந்த விலை அடங்கிவிடும். அதனால்தான் இந்த விளம்பரத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஐ7. இன்டெல் நிறுவனம் பல ஆண்டுகளாக இதே பெயரில் பிராசசர் விற்றது. வயதைச் சொல்வது அதன் பின்னால் வரும் எண். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 2011 ஜனவரியில் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒரு கோரின் வேகத்தை எடுத்துக்கொண்டால் அந்த 'சின்ன' ஐ3, பழைய ஐ7-ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு. 25 ஆயிரம் ரூபாய் விளம்பரங்களில் தலைமுறை எண் இல்லாததற்குக் காரணம் இதுதான். மைக்ரோசாப்ட் கணக்குப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆக, அந்த 'கேமிங் பிசி' வீட்டுக்கு வரும்போதே காலாவதியான விண்டோஸோடுதான் வருகிறது. கூட வரும் 2 ஜிபி கார்டு பெரும்பாலும் ஜிடி 710, ஜிடி 730 ரகம். படம் பார்க்கப் போதும், கேமுக்கு உதவாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? விளையாடப்போகும் கேமிலிருந்தும் பார்க்கப்போகும் திரையிலிருந்தும்தான். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 என்று சொல்பவருக்குத் தேவைப்படும் கம்ப்யூட்டர் வேறு. புதிதாக வரும் பெரிய கேம்களை விளையாட நினைப்பவருக்குத் தேவைப்படுவது வேறு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. அவற்றின் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். திரையைப் பொறுத்தவரை, முதல் கம்ப்யூட்டருக்கு 1080பி மானிட்டர் போதும். ஹாலில் இருக்கும் டிவியிலேயே முதல் சில மாதம் ஓட்டலாம். டிவியின் செட்டிங்கில் 'கேம் மோடு' போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மவுஸை அசைத்த பிறகுதான் திரை அசையும். 4கே ஆசை முதல் கம்ப்யூட்டர் பட்ஜெட்டுக்கு ஆகாது.

மானிட்டர் தவிர 60 ஆயிரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 22 முதல் 25 ஆயிரம் வரை கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும். கேமின் வேகத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் அதற்குத்தான். மக்கள் அதிகம் ஏமாறும் இடமும் அதுதான், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கும்.

ஆர்டிஎக்ஸ் 3050-ஐ எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் வந்த 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள், 128 பிட் நினைவகப் பாதை, 130 வாட் மின்சாரம். 2024 தொடக்கத்தில் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள், 96 பிட் பாதை, 70 வாட். 2 ஜிபி நினைவகம்தானே குறைவு என்று வாங்கினால், வேகத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்காக 6 ஜிபி கார்டை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். தனி பவர் கேபிள் இல்லாமல், மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடும் கார்டு அது. ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய எட்டாம், ஒன்பதாம் தலைமுறை கம்ப்யூட்டர் ஒன்று குறைந்த விலைக்குக் கையில் வந்தால், அதன் சின்ன எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, மாற்றாமல் போட அதுவே தோதான கார்டு. எந்தக் காரணத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு கண்ணி. போர்டோடு பேச அதற்கு 4 பாதைகள்தான் உண்டு. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் அந்தப் பாதை நெரிசலாகி வேகம் விழும். வீடியோவை என்கோட் செய்யும் பகுதியும் அதில் கிடையாது. யூடியூபில் லைவ் போட நினைக்கும் பையனுக்கு அந்தச் சுமை முழுவதும் பிராசசர் தலையில் விழும். புதிதாக வாங்க முடிந்தவர்கள் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள் என்பதே என் கருத்து. ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். இன்டெல்லின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, ஆனால் போர்டில் 'ரீசைஸபிள் பார்' வசதி இல்லையென்றால் அந்தக் கார்டின் வேகம் நன்றாகவே குறைந்துவிடும். பழைய போர்டுக்கு அதை வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் என்ற கிரிப்டோ காசு தன் முறையை மாற்றியதும், கிராபிக்ஸ் கார்டை வைத்து அந்தக் காசை வெட்டியெடுக்கும் தொழில் ஒரே நாளில் நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு, மின்விசிறி தேய்ந்ததும் உண்டு. அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1070, 1080 ஆகிய கார்டுகளுக்கு, புதிய கேம்களுக்கென வரும் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். ஜிடிஎக்ஸ் 1650, 1660 வரிசை இதில் சேராது. எந்தப் பழைய கார்டாக இருந்தாலும் கடையிலேயே மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய சிப்பை வேறு பெயரில் காட்டும் போலிக் கார்டுகள் பலவற்றை அது பிடித்துக் கொடுத்துவிடும். பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்த பிறகே பணம் எடுங்கள். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மொத்தத் தொகையும் ஒரே சமயத்தில் புரளாத வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். இரண்டு தவணையாக வாங்குங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. வாலரண்டை 1080பி-இல், செட்டிங்கைக் குறைத்து வைத்து, 60 ஃபிரேமுக்கு மேல் ஓட்டிவிடும். காக்குப்பத்திலோ திண்டிவனத்திலோ உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு கோடிங், ஆட்டோகேட் வேலைக்கும் ஆகும். அடுத்த அறுவடைக்குக் கார்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் இன்டெல்லில் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் (12100எஃப், 12400எஃப்) உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு வரும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் விலை குறைவு என்று அதைத் தள்ளிவிட்டால், கம்ப்யூட்டர் ஒரு வருடம் சும்மா கிடக்கும்.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி குச்சி இரண்டாகப் போடுங்கள். இரண்டு பாதையில் ஓடும்போது கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இப்போது வயிற்றெரிச்சல் தருவது ராம் விலைதான். ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் சில மாதங்களிலேயே ராம் விலை இரு மடங்கைத் தாண்டியது. மைக்ரான் நிறுவனம் தன் 'குருஷியல்' சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உலகின் பெருவாரியான ராம் சிப்புகளைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். அங்கே தும்மினால் வளவனூரில் ஜுரம் வருகிறது. இந்த நிலையில் டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டை எடுப்பதும், ராமை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்குவதும் புத்திசாலித்தனம். உள்ளே தேய்வதற்கு எதுவும் இல்லாத பாகம் ராம். நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பார்ப்பதும் சுலபம்.

இனி எஸ்எம்பிஎஸ். கொட்டேஷன் தாளில் கடைசி வரியில் இருக்கும், பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படும். அதைக் கையில் எடுத்துப் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெட்டியில் '450 வாட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே 14ஏ என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். பிராசசரும் கார்டும் உயிர் வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ரைசன் 5 5600-க்கு 76, இரண்டுக்கு மட்டுமே 208 வாட் ஆகிவிட்டது. 168 வாட் கொடுக்கும் பெட்டி அங்கே என்ன செய்யும்? கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணையும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 36ஏ அளவுக்கு இருக்கும். பிறகு கார்டு போடும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ளதாக எடுத்துவிடுங்கள். கலர் லைட்டில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

நம் ஊர் மின்சாரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 'ஆக்டிவ் பிஎஃப்சி' உள்ள எஸ்எம்பிஎஸ் அந்த இறக்கத்தைத் தாங்கும். 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது ஸ்கொயர் வேவ் என்றால் இந்தக் கம்ப்யூட்டரை அதில் மாட்டாதீர்கள். சைன் வேவ் என்றால் பின்புறமோ முன்புறமோ உள்ள 'யுபிஎஸ் மோடு' சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் பல கிராமங்களில் மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. அப்படிப்பட்ட நேரங்களில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்சாரம் வந்து நிலைத்த பிறகே மாட்ட வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் மின்னிரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருக்கின்றன. பிளக்கின் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் எர்த் ஒயர் இல்லையென்றால் அந்தச் சிறு மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை, உங்கள் விரல் வழியாகப் போகும். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று துளை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரை இறக்குங்கள்.

கத்தரி வெயிலில் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்ட கேபினட் பார்க்க அழகு, காற்று நுழைய வழியில்லை. முன்பக்கம் வலை போட்டதாக, இரண்டு மின்விசிறியாவது உள்ளதாக எடுங்கள். தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்தால் தூசி குறையும்.

எங்கே வாங்குவது? "பாண்டியில வாங்கினா வரி கம்மி" என்ற நம்பிக்கை வளவனூரில் இன்னும் போகவில்லை. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, ரயிலில் சின்னபாபுசமுத்திரமும் வில்லியனூரும் தாண்டினால் வந்துவிடும். ஆனால் 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர் பாகங்களுக்கு அங்கும் 18 சதவீதம், இங்கும் 18 சதவீதம். இப்போது புதுச்சேரி தருவது கூடுதல் கடைகளை மட்டுமே. சென்னை ரிச்சி தெருவுக்கு, அதாவது நரசிங்கபுரம் தெருவும் வாலர்ஸ் சாலைப் பக்கமும் சேர்ந்த அந்தச் சந்தைக்கு, எழும்பூரில் இறங்கிப் போகலாம். பத்துக் கடை ஏறி இறங்கி விலை கேட்க அதைப் போன்ற இடம் வேறு இல்லை. பெரிய பாகங்களை அங்கே விசாரித்துவிட்டு, விழுப்புரத்துக் கடையில் அதே விலைக்குக் கேளுங்கள். 500 ரூபாய் கூடச் சொன்னாலும் விழுப்புரத்திலேயே வாங்குவது மேல். பழுது வந்தால் தூக்கிக்கொண்டு ஓட 160 கிலோமீட்டர் இருக்காது.

"பில் போட்டா 18 பர்சன்ட் கூட வருமே, வேணுமா?" என்று கேட்பார்கள். "வேணும்ணே" என்று சொல்லுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டி கேட்கும்போது ஜிஎஸ்டி பில்லைத்தான் கேட்பார்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பிராசசர் பெட்டியில் வந்ததா, பெட்டியில்லாத 'ட்ரே' சரக்கா என்றும் கேளுங்கள். பெட்டியில் வந்ததற்குத்தான் கம்பெனியின் 3 ஆண்டு வாரண்டி. கடையிலேயே அசெம்பிள் செய்யச் சொன்னால், மாட்டி முடித்ததும் போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் காலிப் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு, பெட்டியில் உள்ள எண்ணும் பாகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள்.