பூட்ட மறந்த கதவும் பூட்டிய ஞாபகமும்

ஆங்கில இலக்கணத்தில் ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டையும் அமைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. 'ரீட்' என்ற வினையோடு 'இங்' சேர்த்தால் 'ரீடிங்', அது ஜெரண்ட். முன்னால் 'டு' போட்டால் 'டு ரீட்', அது இன்ஃபினிட்டிவ். 'இங்' ஒட்டியதெல்லாம் ஜெரண்ட் ஆகிவிடாது என்பதை மட்டும் கவனியுங்கள். 'ஐ ஆம் ரீடிங்' என்பதில் அது நடந்துகொண்டிருக்கும் வினை. 'ஐ என்ஜாய் ரீடிங்' என்று பெயர்ச்சொல் வேலை பார்த்தால்தான் ஜெரண்ட்.

எந்த இடத்தில் எது என்பதில்தான் தலைவலி. அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி. 'கதவைப் பூட்ட மறந்துட்டேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. அது 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்'. 'பூட்டியது ஞாபகம் இருக்கு' என்றால் வேலை முடிந்துவிட்டது. அது 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்'. 'சிகரெட் பிடிப்பதை நிறுத்தினார்' என்பது 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', வீட்டுக்கு நிம்மதி. 'சிகரெட் பிடிக்க வண்டியை நிறுத்தினார்' என்பது 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்', பெட்டிக்கடைக்கு வியாபாரம். பூட்ட, பிடிக்க என்கிற இந்த 'செய' வாய்பாட்டைத் தொல்காப்பியம் தன் 9 வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நமக்குப் புதிய சரக்கில்லை.

ஆகவே இனி நடக்கவேண்டியது என்றால் பெரும்பாலும் 'டு'. வான்ட், ஹோப், டிசைட், பிராமிஸ் எல்லாம் இந்தக் கூட்டம். நடந்தது, நடந்துவருவது என்றால் 'இங்'. என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை எல்லாம் அந்தக் கூட்டம்.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. நாம் 'படித்து முடித்தேன்' என்போம். அந்தப் 'படித்து'வை என்ன செய்வதென்று தெரியாமல் 'ஃபினிஷ்ட் டு ரீட்' என்று எழுதிவிடுகிறோம். 'ஃபினிஷ்ட் ரீடிங்' என்பதே சரி. 'சஜெஸ்ட்' இன்னும் மோசம். 'சினிமாவுக்குப் போகலாம் என்றார்' என்பதில் போவது இனிமேல்தான், ஆனாலும் ஆங்கிலத்தில் 'சஜெஸ்டட் கோயிங்'. இதற்கு நியாயம் தேடாதீர்கள், மனப்பாடம்தான். 'லெட்', 'மேக்' இரண்டுக்கும் 'டு'வே வேண்டாம்: 'லெட் மீ கோ'.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கடைசி வரியில் தவறாமல் சறுக்கும் இடம் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. அங்கே 'மீட்டிங் யூ' வரவேண்டும். 'டு' இருக்கிறதே என்பீர்கள். அது இன்ஃபினிட்டிவின் 'டு' இல்லை. 'ஐ வென்ட் டு மதுரை' என்பதில் வருகிற அதே 'டு', வேற்றுமை உருபு மாதிரி. அட், இன், டு போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் 'இங்'தான்: 'குட் அட் குக்கிங்'. இது எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி' நிற்கிறது, ஆகவே 'மீட்டிங்'. 'ஐ வான்ட் டு தீபாவளி' நிற்கவில்லை, ஆகவே 'டு மீட்'.

'யூஸ்ட் டு' குழப்பமும் இதில் தீரும். 'ஐ யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி' என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி' என்றால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது. 'ஐ ஆம் யூஸ்ட் டு சென்னை' என்று சொல்லலாம். 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு சென்னை' என்று சொல்லிப் பாருங்கள், அந்தரத்தில் தொங்கும்.