மடிக்கணினியும் நினைவகமும்

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் இல்லங்களிலும் அவ்வாறு வந்த கணினிகள் உண்டு. ஆண்டுகள் சென்றபின், மெதுவாக இயங்குகிறது என்று அவற்றைப் பரணில் இட்டுவிடுவாரும் உளர். அது முறையாகுமா?

வன்தட்டு, நூல்களை அடுக்கிய அலமாரி போன்றது. நினைவகம், வேண்டிய நூல்களை விரித்துப் படிக்கும் மேசை போன்றது. மேசை சிறிதாயின் ஒரு நூலை மூடி வைத்தே மற்றொன்றை விரித்தல் வேண்டும், காலம் வீணாகும். ஆதலின், பணியின்போது நினைவகம் நிரம்பி நிற்கிறதா என முதலில் காண்க. நிரம்பவில்லையேல் குறை வேறிடத்தது.

கைக்குக் கிடைத்த நினைவகத் தகட்டையெல்லாம் பொருத்த இயலாது. மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர். 3 வகைத் தகட்டில் 204 முனைகளும், டி.டி.ஆர். 4 வகையில் 260 முனைகளும் உள்ளன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமராது. கணினி ஏற்கும் உச்ச அளவையும் முன்னரே அறிதல் வேண்டும்.

பொருத்துமுன் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றுக. உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்சில்லுகளைக் கெடுக்கும். எனவே உலோகப் பொருளொன்றைத் தொட்ட பின்னரே தகட்டைத் தொடுக. ஓசூர்ப் பகுதி மின்னணுத் தொழிலாளர் மணிக்கட்டில் நிலத்தொடர்புள்ள பட்டை அணிவதும் இதன்பொருட்டே. தகட்டைச் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தின், இருபுறக் கொளுவிகளும் பற்றிக்கொள்ளும்.

இவ்வாறு செய்யின், தமக்கை பயின்ற கணினியில் தம்பியும் பயிலலாம், பொருள் மிச்சமாகும், மின்னணுக் குப்பையும் குறையும். பழையதென எறியுமுன் குறை யாதென ஆராய்தலே அறிவுடையார் செயல்.