புத்தகத்தில் இல்லையா? வீட்டில் இருக்கு!

டெக்சாஸில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாக்கள் வெளியே காட்டாத ஒரு ஃபைல் உண்டு. இன்றைக்குக் காட்டிவிடுகிறேன், வாங்க! எங்கள் கணக்குப் புத்தகம் சொல்லித்தராத பாடங்களின் பட்டியல்தான் உள்ளே இருக்கிறது.

புத்தகத்தைக் குறைசொல்ல முடியாது. சிங்கப்பூர் 1980களில் தன் பிள்ளைகளுக்காக உருவாக்கிய ‘பிரைமரி மேத்தமேட்டிக்ஸ்’ அது. பட்டை பட்டையாகப் படம் போட்டே முரட்டுக் கணக்கையும் மடக்கிவிடும். ஆனால் அதன் சொந்த ஊரில் மீட்டரும் கிலோவும் 20 காசு நாணயமும்; இங்கேயோ அடி, பவுண்டு, 25 சென்ட்! 2003-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது உள்ளூர் அளவைகளையும் சேர்த்தார்கள். அவர்கள் போட்ட ஒட்டுக்கு மேல் நாங்கள் போடும் ஒட்டுதான் இந்த ஃபைல்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? மாநிலப் பாடத்திட்டமான ‘டீக்ஸ்’ இலவசமாகவே கிடைக்கும். வீட்டுப்பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு என ஐந்தும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆனாலும் சரிபார்க்க அதைவிடத் தோதான பட்டியல் கிடையாது. அச்செடுத்து, புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக டிக் அடிப்போம். டிக் விழாத வரிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பொறுங்கள்! அடுத்த வகுப்புப் புத்தகத்தையும் புரட்டுங்கள். பல பாடங்கள் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். தள்ளி வருகிற பாடத்தைத் தொடவே வேண்டாம். எங்குமே வராததும் பேருக்கு வந்துபோவதும்தான் ஃபைலுக்குள் போகும்.

உடனே இன்னொரு புத்தகம் வாங்கக் கை துறுதுறுக்கும். வாங்கினால், தெரிந்த கணக்கையே பிள்ளை மறுபடி போட்டுக் கொட்டாவி விடும். உள்ளூர்ப் பாடத்துக்கு உள்ளூர்ச் சாமான் போதும்.

புத்தகம் தொட்டுவிட்டுப் போகும் அடிக்கணக்கையே பாருங்கள். “1.5 அடின்னா ஒரு அடி அஞ்சு அங்குலம்தானேம்மா?” என்றாள் மகள். பத்துப் பத்தாகவே எண்ணிப் பழகிய மூளை! டேப்பைக் கையில் கொடுத்தேன். கதவு நிலையில் அளந்தாள். 18 அங்குலத்தில் வந்து நின்றது. ஓரடி போக மிச்சம் ஆறு. “அரை அடின்னா பன்னெண்டுல பாதியா!” என்று கத்தினாள். அப்புறம் காலி பால் கேனைத் தொட்டியில் வைத்துக் கப் கப்பாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு கேலனுக்கு 16 கப். தரையெல்லாம் தண்ணீர், ஆனால் பாடம் பதிந்தது!

டீக்ஸின் நான்காம் வகுப்பில் தண்டு-இலை வரைபடம் உண்டு. எங்கள் டாலஸ் வெயில் எதற்கு இருக்கிறது? தினமும் உச்ச வெப்பத்தைக் குறித்தோம். 98-க்குத் தண்டு 9, இலை 8. 103-க்குத் தண்டு 10, இலை 3. ஃபாரன்ஹீட்டும் கூடவே பழகிவிட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

எனக்கு ரொம்பப் பிடித்தது பணப் பாடம். மாறாச் செலவு, மாறும் செலவு, லாபம் மூன்றும் நான்காம் வகுப்புக் கணக்கிலேயே வருகின்றன. வாசலில் லெமனேட் கடை போட்டோம். பிள்ளைகள் இப்படிக் கடை போட உரிமம் கேட்கக் கூடாது என்று டெக்சாஸ் 2019-இல் சட்டமே இயற்றியிருக்கிறது, தெரியுமா? எலுமிச்சை, சர்க்கரை, கப் எல்லாம் சேர்த்து 6 டாலர். ஒரு கப் 50 சென்ட். 20 கப் விற்றால் 10 டாலர். லாபம் 4! ஒரு டாலர் நீட்டிய பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இரண்டு 25 சென்ட்டை மகள் எண்ணிக் கொடுத்தாள். நாணயப் பாடத்துக்கும் டிக் விழுந்தது.

ஐந்தாம் வகுப்புப் பட்டியலில் விற்பனை வரி காத்திருக்கிறது. எங்கள் ஊரில் 8.25 சதவீதம். மளிகைக் கடை ரசீதுகளை இப்போதே சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். பாலுக்கு ஏன் வரி இல்லை, சோடாவுக்கு மட்டும் ஏன் என்று கேள்வியும் வந்துவிட்டது!