மலைக் காருக்கு டயர் மாற்றுவது எப்போது?

"நாற்பதாயிரம் கிலோமீட்டர் கவலையில்லாமல் ஓடும் சார்" என்று டயர் கடையில் சொல்லும் கணக்கு சமவெளிக்குப் பொருந்தலாம். சேர்வராயன் மலையில் அது உதவாது. ஏற்காடு வட்டத்து வாழவந்தியில் கார் வைத்திருக்கும் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை சேலம் போய் வருகிறார். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அடிவாரம் சாலையிலும் குப்பனூர் சாலையிலுமாக அவர் டயர் சீக்கிரமே தேய்ந்துபோகிறது. மற்றவர் காப்பி அறுவடை நாட்களில் மட்டும் வண்டியை எடுக்கிறார். ஏழு வருடமாகியும் மீட்டர் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை, டயரும் புதுசு போலவே இருக்கிறது. எனக்குக் கவலை இரண்டாமவரைப் பற்றித்தான். முதலாமவர் டயர் போய்விட்டது என்பது பஞ்சர் கடைப் பையனுக்கே தெரியும், அவன் சொல்லிவிடுவான்.

பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: தேய்மானம், வயது. முதலில் தேய்மானம். டயரின் பட்டன் பிடிப்புக்காக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். காய்ந்த சாலையில் அது தேவையே இல்லை. பந்தயக் கார்கள் மழையில்லாத நாளில் பட்டனே இல்லாத வழவழப்பான டயரில்தான் பறக்கின்றன. பள்ளமும் பட்டனும் தண்ணீருக்காக. 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் தண்ணீர் அதன் வழியில் குறுக்கிடுகிறது. உள்ளங்கை அகலமே தரையைத் தொடும் ஒரு டயர் அத்தனையையும் ஒதுக்கித் தள்ள வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும்; அப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சு கேட்காது.

மலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இப்படி மிதப்பது அரிது. அங்கே வேறு தொல்லை. சில்வர் ஓக் மரங்களின் ஈரச் சருகு, நிழலில் காயாத பாசி, மழையில் மேட்டிலிருந்து வழிந்து வந்த சேறு. இவற்றை வெட்டிக்கொண்டு தார் வரைக்கும் போய்ப் பிடிக்க, பட்டனின் விளிம்புகள் கூர்மையாக இருக்க வேண்டும். பங்குனி, சித்திரை முழுக்க மொட்டை டயர் ஒரு குறையும் காட்டாது. கோடையில் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் குழையும்போது வண்டி வழுக்கும்.

புதுக் கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கார்களுக்கு 1.6 மில்லிமீட்டரைக் கடைசி எல்லையாக வைத்திருக்கின்றன. இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் 0.8. இதை அளக்கக் கருவி வேண்டாம். டயரின் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால் குறுக்கே ஒரு குட்டி மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஆனால் இந்த மேடு பெரும்பாலும் நடுப் பள்ளங்களில்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எடை அதிகமாக முன் டயரின் வெளித் தோளில் சாய்கிறது. அதனால் மலை வண்டியில் நடுவே நாலு மில்லிமீட்டர் பாக்கியிருக்க, தோள் மட்டும் மொட்டையாகக் கிடக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள், தெரியும். சட்டம் 1.6 வரை விட்டாலும், மழையில் மலை இறங்குகிற வண்டிக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பேன்.

இனி வயது; அந்த இரண்டாமவரின் தொல்லை இதுதான். 1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படுகிறது என்று கண்டார். கந்தக அணுக்கள் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அந்தப் பிணைப்பு ஆலையோடு நின்றுவிடுவதில்லை. வெயிலின் சூட்டிலும் காற்றின் ஆக்சிஜனிலும் ரப்பருக்குள் வேதிமாற்றம் மெல்லத் தொடர்கிறது. ரப்பர் இறுகி, நெகிழ்ச்சி இழக்கிறது. மேற்பரப்பில் ஓசோன் வாயு நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். இதைத் தடுக்க டயருக்குள் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். சக்கரம் ஓடி நெளியும்போது அந்த மெழுகு வெளியே கசிந்து தோலாகப் படியும். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. சேலத்து வெயிலைவிட ஏற்காட்டுக் குளிர் டயருக்கு நல்லதுதான், ஆனால் வயதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

வயதைத் தெரிந்துகொள்ள டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். சில டயர்களில் இந்த எண் உட்பக்கம் போய்விடும். டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை. கார் நிறுவனங்கள் சில ஆறு வருடம் என்கின்றன. பள்ளத்தின் அடியிலும் பக்கச் சுவரிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த விவாதமே வேண்டாம். வாட்டர் சர்வீஸ் முடித்துக் கறுப்பாகப் பளபளக்க ஏதோ தடவித் தருவார்களே, அதற்கு முன்னால் பாருங்கள்.

காற்றழுத்தத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. சேலத்தில் 33 பி.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டு 1,200 மீட்டர் ஏறி ஏற்காட்டுக்கு வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி சுமார் 2 கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே பத்து டிகிரி குளிர்ந்திருந்தால் டயருக்குள் உள்ள காற்றும் சுருங்கி ஏறக்குறைய ஒன்றரை குறைந்துவிடும். ஒன்றை ஒன்று கழித்துவிடுகிறது. ஆகவே மலை ஏறியதற்காகக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவு போதும். வண்டி ஆறிய பிறகு பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

காற்று குறைவாக ஓட்டினால் இரண்டு ஓரமும், அதிகமாக ஓட்டினால் நடுவும், அலைன்மென்ட் கெட்டிருந்தால் ஒரு பக்கமும் தேயும். பக்கச் சுவரில் எலுமிச்சை அளவு வீங்கியிருந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரோடு மலை இறங்காதீர்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணம் இருக்கிறது என்றால் புதியதை எங்கே போடுவது? முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, அதனால் முன்னால் போடு என்பார் மெக்கானிக். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இறக்கத்தில் பிரேக் போடும்போது எடை முன்னால் சரிந்து பின்பக்கம் லேசாகிவிடும். அந்த நேரம் பின் டயர் மொட்டையாக இருந்தால், ஈர வளைவில் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசும். முன்சக்கரம் வழுக்கினால் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பகுதி சுழன்றால் சாதாரண ஓட்டுநரால் முடியாது. டயர் நிறுவனங்களும் புதியதைப் பின்னால் போடவே சொல்கின்றன.

புது டயர் பூட்டுவதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள். கடையில் இரண்டு வருடம் தூங்கிய சரக்கை மறுத்துவிடலாம். பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து எஸ்டேட் ஓரத்தில் போடாதீர்கள், மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். கடையிலேயே விட்டுவிடலாம், ஆனால் தேய்ந்த டயரில் புதுப் பள்ளம் வெட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். விட்டுவிட்டு வருவதற்கு முன் பக்கச் சுவரில் ஆழமாக ஒரு கத்திக் கீறல் போடச் சொல்லுங்கள்.