யூரியா விலையும் நிலத்தின் வளமும்

பயிருக்கு எவ்வளவு உரம் இட வேண்டும் என்பதை நிலமும் பயிருமே தீர்மானிக்க வேண்டும். ஆனால் இந்தியாவில் பல்லாண்டுகளாக அதனைத் தீர்மானித்து வருவது உரத்தின் விலையேயாகும். அவ்விலையை நிர்ணயிப்பது சர்க்காரின் கொள்கை. ஆதலின் கொள்கையில் ஏற்படும் சிறு கோணலும் கடைசியில் குடியானவருடைய வயலில் வந்து முடிகின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனைத் திருத்துவதில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் செய்யத்தக்கது யாது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பயிருக்கு முக்கியமாக வேண்டுவன தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று. தேச முழுமைக்கும் பொதுவாகப் பார்க்குங்கால் இவற்றை 4:2:1 என்ற விகிதத்தில் இடுதல் தக்கது எனக் கொள்ளுவது வழக்கம். 1992-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினர். யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. முன்னவை விலையேறின, யூரியா மலிவாகவே நின்றது. 1991-92-இல் 5.9:2.4:1 ஆக இருந்த விகிதம் அடுத்த வருஷத்திலேயே 9.5:3.2:1 ஆயிற்று. 2010-இல் சத்தின் அளவுக்கேற்ப மானியம் வழங்கும் திட்டம் ஏற்பட்டபோதும் யூரியா அதில் சேர்க்கப்படவில்லை.

யூரியா இட்ட சில நாட்களில் பயிர் கரும்பச்சையாகச் செழித்துத் தோன்றும். அத்தோற்றத்தைக் கண்டு ஏமாறுதல் எளிது. மிகுதியாக இட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகக் காற்றிற் கலந்து போகின்றது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகின்றது. குடிதண்ணீர்க் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து உண்டு. வயலிலோ பயிர் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகும். அப்பால் பூச்சி மருந்துக்கு வேறு கடன் வாங்க நேரும். மலிவாக வாங்கிய மூட்டை இவ்வாறு விலையேறியதாகி விடுகின்றது.

சர்க்கார் தரப்பில் சில திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. 2015-இல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென விதிக்கப்பட்டது. இதனால் சத்து மெதுவாகக் கரைந்து பயிருக்கு நின்று உதவும். அவ்வருஷமே மண்வள அட்டைத் திட்டமும் தொடங்கிற்று. 2018-இல் 50 கிலோ மூட்டை 45 கிலோவாக்கப்பட்டது. மூட்டைக் கணக்கில் உரமிடும் வழக்கமுள்ளவர் தாமாகவே சிறிது குறைத்து இடுவர் என்பது அதன் கருத்து. 2023-இல் அங்கீகரிக்கப்பட்ட பி.எம். பிரணாம் திட்டத்தின்படி, இரசாயன உரத்தைக் குறைக்கும் மாகாணத்துக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதி கிடைக்கும்.

கொள்கையைத் திருத்துதல் அவசியம் என்பதனால் அதனை ஒரே நாளில் தலைகீழாக மாற்றிவிடலாம் என எண்ணலாகாது. அண்டை நாடான இலங்கையில் 2021-ஆம் வருஷம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. மாற்று எருவும் பயிற்சியும் போதிய அளவில் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அவ்வருஷம் நவம்பரிலேயே தடையை நீக்க வேண்டியதாயிற்று. படிப்படியாகவும், மண்ணைப் பரிசோதித்து அறிந்தும் செய்யும் மாறுதலே நிலைக்கும்.

அத்தகைய மாறுதலுக்குக் கிராமத்தில் ஏற்ற இடம் கூட்டுறவுச் சங்கமே. பயிர்க்கடனும் உரமும் அங்கிருந்தே அங்கத்தினருக்குச் சேருகின்றன. அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. கடன் மனு எழுதுமுன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அறுவடைக்குப் பின், எரு இடுவதற்கு முன், வயலின் பல இடங்களிலிருந்து மண் எடுத்துக் கலந்து அனுப்புதல் முறை.

2. சத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். 45 கிலோ யூரியாவில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றது. ஒரு மூட்டை டி.ஏ.பி. இட்டவர் ஏறக்குறைய 20 கிலோ யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

3. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தலாம். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரந்தோறும் பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4 என்ற நிறத்தினும் வெளுத்திருந்தால் மட்டுமே மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அவ்வெண் 3. அட்டையைச் சங்கமே வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம்.

4. நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதல் வேண்டும். விதையைச் சங்கம் மொத்தமாகத் தருவித்தால் செலவு குறையும்.

உர விலையை மாற்றுவது ஓர் அங்கத்தினரால் ஆகக்கூடியதன்று. ஆனால் சங்கத்தின் மகாசபையில் கூடி, உர இருப்பு எவ்வாறு இருக்க வேண்டும், கடனில் பசுந்தாள் விதைக்கு இடமுண்டா என்பனவற்றைத் தீர்மானிப்பது அவர்களுடைய உரிமையே. சங்கத்தில் வாங்கிய கடன் தவணையில் தீர்ந்துவிடும். நிலத்தினிடமிருந்து எடுத்துத் திருப்பாத சத்தோ பிள்ளைகளின் தலையில் கடனாக நிற்கும். அக்கடனை ஏற்றாது நிலத்தைக் கைமாற்றுவதே அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.